முயலுக்கு ஜலதோஷம்

எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடிப் பெண் (ஏழு வயசு) போன வாரம் லிஃப்டில் என்னை மடக்கி, ‘அங்கிள், முயலுக்கு ஜலதோஷம் பிடிக்குமா?’ என்றாள். கையில் வெள்ளை முயல். அதன் முன்னங்கால்களில் ரோமம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

பிடிக்கும். ஆனால், தைலம் தடவி விட்டுவிடுகிற சமாச்சாரம் இல்லை. முயலிடம் கர்ச்சீப் கிடையாது. ஒழுகும் மூக்கை முன்னங்காலால்தான் துடைத்துக்கொள்ளும். அந்தப் பிசுபிசுப்புதான் முதல் துப்பு. பெரும்பாலும் காரணம், பாஸ்ச்சுரெல்லா மல்ட்டோஸிடா என்கிற பாக்டீரியா. லூயி பாஸ்டரின் ஞாபகமாக வைத்த பெயர். கோழிக் காலராவில் அவர் ஆராய்ந்தது இதைத்தான். பல முயல்களின் மூக்கில் இது சும்மா குடியிருக்கும். கூண்டில் மூத்திர நெடி ஏறினாலோ, நெரிசலிலோ, அலைச்சலிலோ முயல் தளர்ந்தால் போதும், நுரையீரலுக்கு இறங்கிவிடும். நிமோனியா.

முயல் மூக்கால்தான் மூச்சு விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிலைமை ரொம்ப மோசம். தவிர, அது தன் சீக்கைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் காட்டிக்கொண்ட முயல்தான் நரிக்கு முதல் சாப்பாடு. எனவே, தீனி எடுக்காமல் மூலையில் உட்கார்ந்தால் அன்றைக்கே வெட்னரி டாக்டரிடம் ஓடுங்கள்.

நான் மாடிக்குப் போனபோது அந்தப் பெண்ணின் அப்பா, குழந்தைக்கு வாங்கி மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் சிரப்பைக் குலுக்கிக்கொண்டிருந்தார். தடுத்தேன். அது வாய்வழியே போனால் முயலின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்து, முயலையே கொன்றுவிடும். டாக்டர் வேறு மருந்து கொடுத்தார். பிழைத்துக்கொண்டது.

மாடு, எருமைக்கு வருகிற தொண்டை அடைப்பானும் இதே கிருமியின் வேறு வகைதான். கிராமங்களில் மழைக்காலத்துக்கு முன் ஊசி போடுவது இதற்காகத்தான். 2015 மே மாதம் கஜகஸ்தான் புல்வெளியில், குட்டி போடக் கூடியிருந்த சைகா மான்கள் (குட்டித் தும்பிக்கை போல் மூக்கு இருக்கும்) மூன்றே வாரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் செத்து விழுந்தன. உலகத்து சைகாக்களில் பாதிக்கு மேல்! காரணம் இதே கிருமி. அனேகமாக அவற்றின் உடம்பிலேயே சாதுவாக இருந்தது, அந்த வருஷத்து அசாதாரண வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் திரும்பிவிட்டது என்கிறது 2018-ல் வந்த ஆய்வு.

மிச்சமிருந்த சைகாக்கள் பெருகி, 2023-ல் அழிவின் விளிம்பில் உள்ளவை பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டன. கிருமியும் கூடவேதான் இருக்கும். அதை விரட்ட முடியாது. நம் கையில் இருப்பது கூண்டும் காற்றும்தான். முயல் வளர்த்தால், இன்றைக்கு ஒரு தடவை குனிந்து முகர்ந்து பாருங்கள். உங்கள் மூக்கு எரிந்தால், அதன் மூக்கு என்ன பாடுபடும்?