முதுகில் வீசிய காற்று



கடந்த திங்கட்கிழமை வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை மிதிவண்டியில் சென்று திரும்பினேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர்தான். ஆனால் முந்தின நாள் நான் உங்களுக்குச் சொன்ன பிரசங்கம் ஒன்றை அந்தச் சாலை திருத்திவிட்டது. அதை உங்களிடம் ஒப்புக்கொள்ளவே இந்த வாரம் எழுதுகிறேன்.

சர்க்கரை வியாதிக்காக மருத்துவர் சொன்ன பிறகு, ஓய்வு நாளாகிய திங்கட்கிழமைகளில் மிதிவண்டி ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அன்று காலை ஏழரை மணிக்கு வேதாரண்யத்தை விட்டுத் தெற்கே புறப்பட்டேன். அகஸ்தியம்பள்ளியை நெருங்கும்போது வீடுகள் குறைந்து வானம் அகன்றுவிடுகிறது. உப்புப் பாத்திகள் கண்ணாடித் துண்டுகளைப்போல் வெயிலில் மின்னின. மேற்கே, முத்துப்பேட்டையை நோக்கி நீளும் பெருஞ்சதுப்பு. 1967-இல் வெளிமான்களுக்காகச் சரணாலயமாக்கப்பட்ட காடும் அதை அடுத்த சதுப்பும் 2002 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் இருக்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கும் இடம் இது. அன்றும் தொலைவில் வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஒரு கூட்டம் நீரில் நின்றது.

இதே சாலையில் எத்தனையோ முறை காரில் போயிருக்கிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டால் சாலை மட்டுமே தெரியும். மிதிவண்டியில் சேற்றின் வாசனை வருகிறது. வாய்க்காலில் நீர் ஓடும் ஓசை கேட்கிறது. எதிரே வரும் பால்காரர் தலையசைக்கிறார். கோடியக்காட்டை அடைந்ததும் நிழல் விழுந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் முறித்த மரங்களில் சில, முறிந்த இடத்துக்குக் கீழிருந்தே தழைத்து நிற்கின்றன. கோடியக்கரையில் பருவகால மீன்பிடிக்காக வெளியூர்களிலிருந்து வந்து தங்கியிருப்போரின் வாடிகளையும், மணலில் காயும் கருவாட்டையும் பார்த்துக்கொண்டே போய் இறங்கினேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிடங்கள்தான் ஆகியிருந்தன! மூச்சு வாங்கவில்லை, சட்டையும் அதிகம் நனையவில்லை. தேநீர்க் கடைக்காரரிடம், "ஐம்பத்தாறு வயசுக்கு இது பரவாயில்லைதானே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் திரும்பி வரும்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிரியமானவர்களே, மாசி பிறந்தும் வாடைக்காற்று ஓய்ந்திருக்கவில்லை. அது வடகிழக்கிலிருந்து வீசும் காற்று. தெற்கே போனபோது அது என் முதுகில் இருந்தது. காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து வீச, நாமும் அதே வேகத்தில் போனால், நம் முகத்தில் காற்றே படாது. காற்றில்லாத அமைதியான காலை என்றே தோன்றும். வண்டி நம் கால்களின் பலத்தால் மட்டும் ஓடுகிறது என்றே நம்புவோம். நமக்கு உதவும் காற்றை நாம் உணருவதில்லை. எதிர்க்கும் காற்றையோ ஒவ்வொரு மிதியிலும் உணருகிறோம்.

காட்டின் நிழலை விட்டு வெட்டவெளிக்கு வந்ததும் அது என் மார்பில் மோதியது. உப்பளங்களுக்கு நடுவே காற்றைத் தடுக்க ஒரு பனைமரம்கூட அருகில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். தொடைகள் எரிந்தன. கடைசியில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே அகஸ்தியம்பள்ளியில் உள்ள உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் வரை நடந்து, அங்கே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உப்பளத்திலிருந்து ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலுடன் வந்தார். நம் சபையின் சகோதரி ஒருவர். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன், பெயரைச் சொல்லவில்லை.

"குடிங்க ஐயா. காலையில போகும்போது பறந்து போனீங்களே, பார்த்தேன். காத்து தள்ளிச்சு" என்றார். பிறகு சிறிது தயங்கி, "எனக்கு எப்பவும் திரும்பி வர்ற வழிதான் ஐயா" என்றார்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆயினும் என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க இயலவில்லை. முந்தின நாள் நான் தாலந்துகளின் உவமையைக் குறித்துப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். தாலந்தைப் புதைத்துவைத்த ஊழியக்காரனைக் காட்டி, "ஆராதனைக்கு நேரமில்லை என்பவர்களுக்கு மனமில்லை என்பதே உண்மை" என்று சொன்னேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் கோவிலுக்கு வந்திருந்த அந்தச் சகோதரி, கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பெரும்பாலும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கணவர் இல்லை. படுக்கையிலிருக்கும் மாமியாரைக் கழுவித் துடைத்துவிட்டு, விடியுமுன் பாத்திக்கு வருகிறார். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள்தான் கரைந்திருக்கின்றன. அந்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்டவைத்து, உப்பு விளைந்ததும் வாரிக் கரையேற்ற வேண்டும். பருவம் தவறி ஒரு மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்துபோகும். ஆகவே உப்பு விளையும் காலத்தில் வேலை ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை. மனமில்லாதவர் என்று நான் யாரைச் சொன்னேனோ, அவர் எதிர்க்காற்றில் வண்டி தள்ளிக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு அந்தத் தூணின் அடியில் நெடுநேரம் இருந்தேன். 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜியும் ஏறத்தாழ நூறு தொண்டர்களும் திருச்சியிலிருந்து புறப்பட்டு, நடந்தே வந்து, ஏப்ரல் 30-இல் இங்கே உப்பு எடுத்தார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் கலெக்டர் எச்சரித்திருந்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டிவைத்தார்கள். நடந்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் நின்றன. பொட்டலம் கட்டிய கைகள் யாருடையவை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கைகள் இல்லாமல் அந்த நடை முடிந்திருக்குமா?

என் மரக்கிளைகளை எண்ணிப்பார்த்தேன். என் இறையியல் கல்லூரிக் கட்டணத்தின் ஒரு பகுதியை ஒரு சிறு கிராமச் சபை பிடியரிசி சேர்த்துக் கட்டியது. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைத்த அந்தத் தாய்மாரில் பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகளாக, நான் அதிகாலையில் ஜெபிக்க உட்காரும்போது அடுப்படியில் என் மனைவி நின்றிருக்கிறார். இவற்றையெல்லாம் நான் என் ஒழுங்கு என்றும், என் உழைப்பு என்றும் நினைத்திருந்தேன். முதுகில் வீசிய காற்றை என் காலின் பலம் என்று கணக்கெழுதிவிட்டு, அந்தக் கணக்கைக் கொண்டே பிறரை நியாயந்தீர்த்தேன்.

மாற்கு 6-ஆம் அதிகாரத்தின் படகு அப்போது என் நினைவுக்கு வந்தது. காற்று எதிர்த்து வீச, சீஷர்கள் துடுப்புப் போட்டுக் களைத்துப்போனார்கள். இயேசு தரையிலிருந்தே அவர்கள் படும் பாட்டைக் கண்டார் என்று சுவிசேஷகர் எழுதுகிறார். இன்னும் நன்றாகத் துடுப்புப் போடுங்கள் என்று கரையிலிருந்து அவர் கூவவில்லை. முதலாவது கண்டார், பிறகு அந்தக் காற்றுக்குள்ளேயே நடந்து அவர்களிடம் வந்தார். நானோ காணாமலே பேசினேன்.

தாலந்துகளின் உவமை பொய்யல்ல. சோம்பலும் இருக்கத்தான் செய்கிறது; அதைக் குறித்துப் பேசுவதும் போதகரின் கடமையே. ஆனால் ஒருவர் மெதுவாகப் போவதைக் கண்டவுடன் அவரைச் சோம்பேறி என்று எண்ணாதிருப்போம். அவருக்குக் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று முதலில் கேட்போம். கேட்பதற்கு வண்டியை நிறுத்தவேண்டும். காரில் போகிறவர்கள் கண்ணாடியையாவது இறக்கவேண்டும்.

வருகிற ஞாயிறு ஆராதனையில் அந்தப் பிரசங்கத்துக்காக உங்கள் எல்லோர் முன்பாகவும் மன்னிப்புக் கேட்பேன். லெந்து காலம் தொடங்கியதும் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு, உப்பளத்து வேலை முடிந்து வருகிறவர்களுக்காக, அந்தச் சகோதரியின் வீட்டுத் திண்ணையில் ஜெபக்கூட்டம் நடக்கும். அவருடைய மாமியாரும் உள்ளேயிருந்து கேட்கலாம். வர இயலுமானவர்கள் வாருங்கள். பாய் கொண்டுவாருங்கள், முடிந்தால் ஒரு வேளைச் சாப்பாடும் கட்டிக்கொண்டு வாருங்கள்.

ஜெபிப்போம்: எங்களைச் சுமந்துவந்த காற்றை அறியாதிருந்த எங்களை மன்னியும், ஆண்டவரே. எதிர்க்காற்றில் நடக்கிறவர்களைக் காணும் கண்களைத் தாரும். அவர்கள் முதுகில் மெல்ல வீசும் காற்றாக எங்களையும் பயன்படுத்தும். ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்