குளுவாங்கில் கண்ட பாலும் புல்லும்

பால் என்றால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு. விடியற்காலையில் மரத்தில் வடிவது ஒன்று. லயத்துக்குப் பின்னால் கொட்டகையில் கறப்பது மற்றொன்று. முதல் பால் கம்பெனிக்குப் போயிற்று. இரண்டாம் பால்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவாகவும் மகளின் தோடாகவும் மாறியது.

அந்த இரண்டாம் பாலைத் தேடி அண்மையில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்குக்குப் போயிருந்தேன். லம்பாக் மலை காவல் நிற்கும் ஊர். ரயில் நிலையக் காப்பிக்குப் பேர் பெற்ற ஊர். அங்கிருந்து பத்து பகாட் போகும் சாலையில் கால்நடை இலாகாவின் பயிற்சி நிலையம் இருக்கிறது. மாடு வளர்ப்பு அங்கே ஒரு படிப்பு!

நம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தபோது மாடு வளர்க்கும் பழக்கமும் கூடவே வந்தது. இந்நாட்டின் பழைய பால்மாட்டு இனத்துக்கே இந்தியப் பெயர்தான். அது வெயிலைத் தாங்கும். ஆனால் பால் குறைவு. ஆகவே பஞ்சாபின் சாகிவால் இனத்தையும் ஐரோப்பாவின் பிரீசியனையும் கலந்த மாடுகளை அரசாங்கம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து தருவித்தது. 1970களில் பால் சேகரிப்பு நிலையங்களும் வந்தன. பாலைச் சோதித்து, தரத்துக்கேற்ற விலை கொடுத்தார்கள். 1983இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் திட்டமும் தொடங்கியது.

உதவி என்றால் ரொக்கமாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. 'பாவா' என்றொரு முறை உண்டு. நம் ஊரில் வாரத்துக்கு மாடு விடுவோமே, அதேதான். இலாகா மாட்டைக் கொடுக்கும். வளர்ப்பவர் பிற்பாடு கன்றாகத் திருப்பிக் கொடுப்பார். அமெரிக்காவிலோ 2018ஆம் ஆண்டு விவசாயச் சட்டப்படி, பால் விலைக்கும் தீவனச் செலவுக்கும் உள்ள இடைவெளி மிகவும் குறைந்தால், திட்டத்தில் சேர்ந்த பண்ணைக்காரருக்கு அரசாங்கம் பணமே கொடுக்கிறது.

திரும்பும் வழியில், சாலையோரம் புல்லறுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கண்டேன்.

"எத்தனை மாடு ஐயா?"

"இப்ப மூணுதான் தம்பி. தோட்டத்துல இருந்தப்ப பதினாலு. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டாங்க. கன்னு நாசமாகுது, மாட்டை ஓட்டுன்னுட்டாங்க."

"இலாகாவில் உதவி கேட்கவில்லையா?"

அரிவாளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "மாடு குடுப்பாங்க, சினை ஊசி போடுவாங்க. கட்டுறதுக்கு நிலம் எங்க தம்பி?"

அந்தக் கேள்வி வீடு வரை என்னோடு வந்தது. மாட்டுக்குக் கால்நடை இலாகா. நிலமோ மாநில அரசாங்கத்தின் பொறுப்பு. அதற்கு மாவட்ட நில அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டும். சொந்தக் கொட்டகை உள்ளவனை உதவி தேடி வரும். லயத்தில் பிறந்து, லயத்தை விட்டு வெளியேறியவனுக்கு அது வாசலோடு நின்றுவிடும்.

தனியாள் குரல் எடுபடாது. பத்துக் குடும்பங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, மாட்டுக்கு எழுதும் மனுவோடு மேய்ச்சல் நிலத்துக்கும் ஒரு மனு எழுதினால் என்ன? மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசுகிறோம். அந்த மாடு நிற்பதற்கு ஒரு துண்டுத் தரையும் கேட்டு வாங்குவோமே!