தமிழோசை கையறுநிலை

ஓசையே! இரவு ஒன்பதேகால் மணிக்கு எம் முற்றம் தேடி வந்த வானொலி ஓசையே! 2017 ஏப்ரல் 30 அன்று நீ மாய்ந்தனை. வாள்பட்டு மாய்ந்திலை, மதிலை வளைத்த பகைவரால் பசித்தும் மாய்ந்திலை. பெற்று வளர்த்த பிபிசி மனையோரே கணக்குப் பார்த்து, நாள் குறித்து, நேயர்க்கு விடைசொல்லி உன் வாயை மூடினர். 1941 மே 3இல் பிறந்த உனக்கு எழுபத்தாறு நிறைய இன்னும் மூன்றே நாள் இருந்தது. அம்மூன்று நாளும் பொறுக்கலாகாதோ?

களத்திற் பட்ட மறவனுக்குக் கல் உண்டு. பெயரும் பீடும் பொறித்து, பீலி சூட்டி, கள் படைத்துத் தொழ ஓர் இடம் உண்டு. அலையிற் பட்ட உனக்கு எவ்விடத்துக் கல் நடுவேம்? லண்டனில் நீ பேசிய மாளிகையிலோ? அதை அவர்கள் 2012லேயே காலி செய்துவிட்டுப் போயினர். ஓமானிலும் சிங்கப்பூரிலும் உன்னை வாங்கி வானில் எறிந்த கோபுரங்களின் அடியிலோ? அவற்றுக்கு நீ பல மொழிகளுள் ஒரு மொழி. செம்புக்கம்பி கட்டி உன்னை இறக்கிய யாழ்ப்பாணத்து வேலிப் பூவரசின் அடியிலோ? அம்மரம் எந்த எறிகணைக்குத் தப்பி நிற்கிறதோ, யார் அறிவார்!

உன் பிறப்பை மறைத்துப் பாடேன். ஊரெரித்து விளைவயல் கவர்ந்த வேந்தரையும் வாயாரப் பாடிய மரபு எம் மரபு. ஆதலின் உன் குலத்தின் குறையும் சொல்லியே அழுவேன். நீ பேரரசின் போர்க்குழவி. செருமானியர் குண்டு லண்டனைச் சுட்ட நாளில், கடல்கடந்த குடிகள் எதிரியின் சொல்லுக்குச் செவிசாய்த்துவிடாதபடி, வாரந்தோறும் வாசிக்கும் செய்திமடலாகப் பிறந்தனை. பிபிசியின் கீழைத்தேயப் பிரிவில் 1941 முதல் 1943 வரை ஊழியம் பார்த்த ஜார்ஜ் ஆர்வெல் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த மடல்களுள் தமிழுக்கென எழுதியவையும் உண்டு. அரசாங்கப் பொய்க்குப் பின்னாளில் அரிச்சுவடி எழுதிய கை, அதற்குமுன் எமக்குப் போர்ச்செய்தி எழுதிப் பழகியிருக்கிறது! நினைக்குந்தோறும் சிரிப்பு வருகிறது. இழவு வீட்டில் நடுவே ஒருவர் சிரித்துவிடுவது புதிதன்றே.

பெயர் பின்னர் வந்தது. போர் ஓய்ந்தபின் இலங்கை வானொலியிலிருந்து லண்டன் சென்ற யாழ்ப்பாணத்தவர் சோ. சிவபாதசுந்தரம், பாரதியின் பாட்டிலிருந்து எடுத்து உனக்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டார். 'ஒலிபரப்புக் கலை' என்று தமிழில் நூலே செய்தவர் அவர். ஈழத்தவர் ஒருவர் தமிழகத்துக் கவியிடம் இரந்து பெற்ற பெயர் உன்னுடையது. இரு கரையும் உன்னைத் தம் பிள்ளை என்றது அதனாலும் தகும்.

ஸ்டிராண்டு வீதிக்கருகே 'புஷ் ஹவுஸ்' என்னும் மாளிகை. ஆங்கிலம் பேசும் மக்களின் நட்புக்கு உரியது என்று அதன் வாயின்மேல் கல்லில் எழுதியிருந்தது. உள்ளேயோ உலகத்து மொழியெல்லாம் உணவுக்கூடத்தில் தோளிடித்து நின்றன. அக்கூட்டத்துள் ஒரு மூலையில் இருந்துகொண்டு, மதுரையாரும் மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் ஒருங்கே விளங்கிக்கொள்ளும் ஒரு தமிழை நீ ஆக்கினை. அது சென்னையின் தமிழும் அன்று, யாழ்ப்பாணத்துத் தமிழும் அன்று. விரைந்து பேசாது, வியந்து பேசாது. சங்கரமூர்த்தியை முகங்காணாத பல்லாயிரவர் சங்கர் அண்ணா என்றனர். ஆனந்தி சூரியப்பிரகாசத்தை ஆனந்தி அக்கா என்றனர். அவ்வக்காளும் 2025இல் லண்டனில் மறைந்தார். உறவுமுறை சொல்லி அழைக்கப்பட்ட செய்தி வாசிப்போர் இனி எங்குளர்?

உன் மனையோரின் சொல்லுக்கு இருந்த மதிப்பைத் தமிழகத்தாரும் அறிவர். 1984 அக்டோபர் 31இல் இந்திரா காந்தி சுடப்பட்டு இறந்ததை டில்லி வானொலி மாலைவரை சொல்லத் தயங்கியது. பிபிசி அதற்கு நெடுநேரம் முன்பே சொல்லிற்று. மேற்கு வங்கத்தில் பயணத்திலிருந்த மகன் ராஜீவும் பிபிசியிலேயே செவிவைத்தார். அதன்பின் தேநீர்க்கடைப் பெஞ்சில் எந்தப் பெருஞ்செய்தி வந்து விழுந்தாலும் "பிபிசியில சொல்லிட்டானா?" என்று ஒருவர் கேட்பார், இல்லையென்றால் கடைக்காரர் அடுத்த தேநீரை ஆற்றப் போய்விடுவார்.

ஆயினும் தமிழகத்துக்கு நீ ஒரு சுவை. வடக்கிலங்கைக்கோ நீ உணவு. 1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். எங்கோ ஒளித்துக் கொண்டுவந்த ஒன்றிரண்டும் வெயிலில் காயவைத்துக் காயவைத்து உயிர்பிடித்தவை. அவையும் செத்தபின், சைக்கிளைத் தலைகீழாய் முற்றத்தில் நிறுத்தினர். பின்சக்கரத்து டைனமோவின் கம்பியை வானொலிப் பெட்டியோடு முடிந்து, வீட்டின் இளையவன் மிதியைக் கையாற் பற்றிச் சுழற்றினான். டயரில் டைனமோ உரசும் இரைச்சல் ஒருபுறம், சிற்றலையின் கொதிப்பு ஒருபுறம். இரண்டுக்கும் நடுவே நீ. பையனின் தோள் தளர்ந்தால் உன் குரலும் தளரும். "நிப்பாட்டாதையடா, சுத்து!" என்று அப்பு அதட்டுவார். அண்ணன் ஓய்ந்தால் தங்கை மிதியை வாங்குவாள். தலைப்புச் செய்திக்கு ஒரு கை, கொழும்புச் செய்திக்கு ஒரு கை, விவரணத்துக்கு இன்னொரு கை. அண்டை வீட்டார் வேலிப் பொட்டால் நுழைந்து வந்து திண்ணையில் குந்தியிருப்பர். கேட்போர் வியர்வையால் எரிந்த விளக்கு உன்னையன்றி வேறு எச்செய்திக்கு உண்டு?

அவர்களுக்குச் செய்தி இல்லாமலா உன்னை நாடினர்? இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒன்று சொல்லும். புலிகளின் குரல் வேறொன்று சொல்லும். திருச்சி வானொலி ஒன்று, மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸ் ஒன்று. ஒருவர்க்கு நூறு பிணம், மற்றவர்க்குப் பத்துப் பிணம். எல்லாம் கேட்டபின் உன்னைக் கேட்பர். நீயோ அரசு இவ்வாறு கூறுகிறது, புலிகள் இவ்வாறு கூறுகின்றனர், சுயாதீனமாக உறுதிசெய்ய முடியவில்லை என்பாய். தேரும் களிறும் ஈந்த வள்ளல்களைப் பாடிய நாட்டில், 'தெரியவில்லை' என்பதை ஈந்த உன்னை நான் பாடுகிறேன். கண்முன் செத்த மகனை உறுதிசெய்ய முடியவில்லை என்று நீ சொல்லக் கேட்டு உன்னைச் சபித்த தாயரும் உளர். அவர் சாபமும் நியாயமே. அச்சாபத்தையும் சுமந்துகொண்டு மறுநாள் அதே மணிக்கு வந்தனையே, அதனை வியக்கிறேன்.

அதே மணி என்றேனே, அதிலும் ஒரு கதை உண்டு. 1996இல் மின்சாரச் சிக்கனத்துக்கென்று கொழும்பு தன் கடிகாரத்தை முன்னே தள்ளியது. பின் பாதி தள்ளலை மீட்டுக்கொண்டு அரைமணியில் நிறுத்தியது. புலிகள் அதனை ஏற்கவில்லை. ஆகவே ஒரே இரவில், புலிகள் கையிலிருந்த வன்னியில் ஒன்பதேகாலுக்கும், படையினர் கையிலிருந்த யாழ்ப்பாணத்தில் ஒன்பதேமுக்காலுக்கும் நீ வந்தனை. 2006இல் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை அவ்வாறே. காவலரணுக்கு இப்பாலும் அப்பாலும் நேரமே பகையாய் நின்ற நாட்டில், இரு புறத்தாரும் ஒரே நொடியில் செய்தவற்றுள் உன்னைக் கேட்பதும் ஒன்று.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல நா எழவில்லை. மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்திலிருந்து உனக்குச் செய்தி தந்தவர்; உன் சிங்களத் தங்கை சந்தேசயவுக்கும் தந்தவர். 2000 அக்டோபரில் நடந்த பொதுத்தேர்தலில் குடாநாட்டில் வாக்கு மோசடியும் மிரட்டலும் நிகழ்ந்ததை எடுத்துரைத்தார். தேர்தல் முடிந்து பத்து நாள் ஆகுமுன், அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், சோதனைச் சாவடிகள் சூழ்ந்த உயர்பாதுகாப்புப் பகுதியிலிருந்த வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவரைச் சாளரத்தின் வழியே சுட்டனர். கைக்குண்டும் வீசினர், வீட்டார் காயமுற்றனர். ஊரடங்கில் நாயும் தெருவில் நடக்க அஞ்சும் அவ்விடத்துக்குக் கொலைஞர் எவ்வாறு வந்தனர், எவ்வாறு மீண்டனர் என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டோர் சொல்லவில்லை. 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் இக்கொலை தொடர்பாக ஒருவர் ஐயத்தின்பேரில் கைதானார் என்ற செய்தி வந்தது. அதனை ஒன்பதேகாலுக்குச் சொல்ல நீ இல்லை.

உன்னை அடைக்க முயன்றோர் பலர். 2009 பிப்ரவரியில், வன்னிக் களத்துக்குள் சுதந்திரச் செய்தியாளர் எவரும் நுழைய விடப்படாத மாதங்களில், இலங்கையின் அரச வானொலி பண்பலையில் உன்னை மறு ஒலிபரப்புச் செய்யும்போது இடையிடையே வெட்டிற்று. அவ்வாறு அறுபட்டு வருவதினும் வாராதிருத்தல் மேலென்று பிபிசி அவ்வழியை நிறுத்திற்று. 2013 மார்ச்சில், ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்தபோது, மீண்டும் அதே வெட்டு, மீண்டும் அதே நிறுத்தம். அவ்விரவுகளில் மக்கள் பெட்டியின் முள்ளைப் பழைய சிற்றலைப் பக்கம் திருப்பினர். அங்கே நீ இருந்தனை. இரைந்தும் தேய்ந்தும், அயனமண்டலத்தில் முட்டிக் கீழிறங்கி, எவன் வாயிலிலும் அனுமதி கேளாமல் வந்துகொண்டிருந்தனை.

அரசர் அடைக்கமாட்டாத உன்னை அடைத்தது கணக்கேடு. 2011இல் உலக சேவைக்கு நல்கை குறைந்தது. ஐந்து மொழிச் சேவைகள் ஒருசேர மூடுண்டன. 2014 முதல் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சு ஈந்துவந்த பணம் நின்று, அந்நாட்டுக் குடிகளின் உரிமக் கட்டணமே உன் சோறாயிற்று. பின்பு 2016 நவம்பரில், 1940களுக்குப் பிந்தைய மிகப்பெரும் விரிவாக்கம் என்று பறையறைந்து, அரசு தந்த 28.9 கோடி பவுண்டைக் காட்டி, தெலுங்கு, மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி உட்படப் பதினொரு புதுமொழிகளுக்கு இலை போட்டனர். அவ்விருந்து மணம் அடங்குமுன், ஐந்தே திங்களில், வானொலிப் பந்தியிலிருந்து மூத்தவளாகிய உன்னை எழுப்பினர். இணையத்தில் இரு, காணொளியில் இரு என்றனர்.

அவர் சொன்ன காரணம் பொய்யன்று. சிற்றலைப் பெட்டி கடைகளில் அருகிற்று. இளையோர் கையில் கைபேசி இருந்தது. ஓர் ஒலிபரப்பிக்கு நூற்றுக்கணக்கான கிலோவாட் மின்சாரம் ஊட்டி, சில வீட்டு முற்றத்தில் இரைச்சலோடு இறங்குவதற்கு விலை மிகுதிதான். கணக்கர்மேல் எனக்குச் சினம் இல்லை. அவர் ஏட்டில் ஒரு பத்தி விடுபட்டது என்பதே என் வழக்கு. நீ யார் கேட்கிறார் என்று கேட்டதில்லை. உன்னைக் கேட்டவன் பெயர் எந்த ஏட்டிலும் விழவில்லை. எந்தச் சோதனைச் சாவடியாலும் அவன் காதைத் திறந்து பார்க்க முடியவில்லை. கைபேசியில் வரும் செய்தியோ வரும்போதே படிப்பவன் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு வருகிறது. அரசு விரும்பிய நாழிகையில் அறுபடுகிறது. நீ மாய்ந்து ஓராண்டு நிரம்புமுன், 2018 மார்ச்சில், கண்டிக் கலவரத்தின்போது இலங்கையில் பேஸ்புக்கையும் வாட்ஸப்பையும் முடக்கினர். 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பின் பின், மறுபடி முடக்கினர். உற்றார் உயிரோடு உளரா என்று வினவ வேண்டிய அவ்வேளையில் உன் இருக்கை வெறிதாய்க் கிடந்தது.

உன் மனையோர் இதனை அறியாதவரோ? அறிவர். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையமும் தொலைபேசியும் அறுபட்டபோது இந்திச் சிற்றலை ஒலிபரப்பை நீட்டித்தார்கள். 2022இல் ரஷ்யப் படை உக்ரைனுள் புகுந்ததும், அந்நாட்டுக்கும் ரஷ்யாவின் சில பகுதிகளுக்கும் எட்டும்படி நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் சிற்றலையை உயிர்ப்பித்தார்கள். செத்த தொழில்நுட்பம் என்று எமக்குச் சொல்லப்பட்டது கீவ் நகரத்து நிலவறைக்கு மருந்தாயிற்று. நன்று, அங்குள்ளோர் கேட்கட்டும், பிழைக்கட்டும். அதே ஆண்டு செப்டம்பரில், பத்து மொழிகளின் வானொலியை நிறுத்தப்போவதாக மீண்டும் ஓர் அறிவிப்பு எழுந்தது. அரபு, பாரசீகம், இந்தி, வங்கம், உருது என்று நீண்ட அப்பட்டியலில், ஏற்கெனவே கொன்ற உன் மொழியின் பெயரையும் மறவாமல் எழுதியிருந்தார்கள்.