அப்புத்தளையில் நாலு நாள்



"லீவுக்கு எங்க சேர் போனீங்க?" என்று பல பேர் இன்பாக்ஸில் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் போட நேரமில்லை, அதனால் இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்.

ஆகஸ்ட் மாதம் மன்னாரில் சோளகம் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாயிலும் மணல், சோற்றிலும் மணல். அதற்குத் தப்பிக் குடும்பத்தோடு அப்புத்தளைக்குப் போனோம். கண்டி வரை பஸ், அங்கிருந்து ரயில். ஊர் 1,400 மீற்றருக்கு மேலே, ஒரு மலை முதுகில் இருக்கிறது. அங்கேயும் காற்றுத்தான், ஆனால் குளிர்க்காற்று. தேத்தண்ணி வாய்க்குப் போவதற்குள் ஆறிவிடும். டவுனில் பள்ளிவாசல் இருப்பதால் தொழுகைக்குச் சிரமமில்லை.

தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலையை லிப்டன் 1890இல் கட்டியது. அங்கிருந்து மேலே ஏறினால் அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த இடம். சுபஹு தொழுத கையோடு கிளம்புங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு போனால் பனிமூட்டத்தைத்தான் பார்க்கலாம். பிள்ளைகள் மூன்று நாளும் போனைத் தொடவில்லை. நானும் ஒரு கொப்பிகூடத் திருத்தவில்லை.

நாங்கள் தங்கிய வீட்டில் சமைத்தவர் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. காலையில் ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொண்டே, "எந்த ஊருங்க சேர்?" என்றார். மன்னார் என்றேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"தலைமன்னாருங்களா? எங்கக்கா அந்த வழியாத்தான் கப்பலேறிப் போச்சு."

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா எடுப்பதென்று முடிவானது. பல வருடங்களாகத் தோட்டங்களிலிருந்து ரயில் ரயிலாகத் தலைமன்னாருக்கு வந்து, இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினார்கள். அக்கா குடும்பத்துக்கு அந்தப் பக்கம், தங்கை குடும்பத்துக்கு இந்தப் பக்கம் என்று கடதாசி பிரித்தது. அக்கா நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனாராம். கொஞ்சக் காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது.

"அந்தக் கப்பலேறுற எடம் இப்பவும் இருக்குங்களா சேர்?"

போனில் தலைமன்னார் பியர் படம் ஒன்று இருந்தது. துருப்பிடித்த இரும்பு, உடைந்த பலகை, பின்னால் வெளிச்சவீடு. காட்டினேன். வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, "இங்க பாரு, பெரிய பாட்டி போன எடம்" என்றார்.

அவர்களுடைய முன்னோர் முதலில் கால் வைத்ததும் நம் கரையில்தான். இருநூறு வருடங்களுக்கு முன் கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள் அரிப்பிலும் தலைமன்னாரிலும் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மௌத்தானவர்கள் கணக்கில்லை. அந்த நினைவாகத்தான் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்கள். நம் ஊர் ரோட்டால் போனதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

நமக்கு இது விளங்காத கதை இல்லை. 1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டவர்கள் நாம். புத்தளத்தில் இருந்த காலத்தில் மன்னாரிலிருந்து யார் வந்தாலும் என் உம்மா கேட்டது, "நம்மட கிணறு இருக்கா, வாசல் மரம் இருக்கா" என்றுதான். நாம் திரும்பி வந்து பார்த்தோம், அல்ஹம்துலில்லாஹ். அந்த அம்மாவின் அக்கா திரும்பி வரவில்லை.

பியருக்கு நம் பிள்ளைகள் செல்ஃபி எடுக்கப் போகிறார்கள். போகட்டும். அங்கே நின்று இந்தக் கதையையும் ஐந்து நிமிடம் சொல்லுங்கள், ஆசிரியர்களே, பெற்றோர்களே. மலைநாட்டுக்குப் போகிறவர்கள் போனில் பியர் படம் ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். அங்கே அதைப் பார்க்க ஆளிருக்கிறது.