தம்பி வீட்டு சாஸ் பாட்டில்

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் கேரி என்று ஓர் ஊர். மாநிலத் தலைநகரான ராலேயை ஒட்டியிருக்கிறது. எங்கு பார்த்தாலும் நெடுநெடுவென்று பைன் மரங்கள். நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். வேங்கடேஸ்வரர் கோயில்கூட இருக்கிறது. என் தம்பி குடும்பம் அங்கேதான். சென்ற கோடையில் இரண்டு மாதம் போய்த் தங்கிவிட்டு வந்தேன். அருவி, அருங்காட்சியகம் என்று எதிர்பார்க்கும் சகோதரிகள் மன்னிக்க வேண்டும். நான் எழுதப்போவது ஒரு மளிகைக் கடையைப் பற்றி.

நான் போய் இறங்கிய வாரத்தில்தான் தம்பிக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. வயது நாற்பத்தொன்றுதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் அப்பாவுக்கும் இதே வியாதி. காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டோம், போதும் என்று இருந்தார். 'உடம்புக்குத் தெம்பு' என்று டப்பாவில் வரும் மால்ட் பானத்தை மட்டும் இரண்டு வேளையும் குடித்தார். அதில் எவ்வளவு சர்க்கரை என்று வீட்டில் யாரும் பார்க்கவில்லை. கடைசியில் வலது பாதத்தையே எடுக்க வேண்டி வந்தது. அது ஒன்றினால்தான் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த டப்பாவை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

தம்பியோ, "அக்கா, நான் ஸ்வீட்டே சாப்பிடறதில்லையே!" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அதுவும் உண்மைதான். பாயசம் வைத்தால் ஒதுக்கிவிடுவான். நான் வாய் சும்மா இராமல், "அப்படி என்னதான் சமைக்கிறே?" என்று தம்பி மனைவியிடம் கேட்டுவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. "எண்ணெய் முதற்கொண்டு அளந்துதான் ஊத்தறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வேலைக்கும் போய், வீட்டையும் பார்க்கிற பெண். கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை மாலை கொல்லையில் கரி அடுப்பை மூட்டிக் கோழி சுட்டார்கள். கோடையில் அங்கே வீட்டுக்கு வீடு இந்தப் புகைதான். தம்பி தட்டில் கோழியை வைத்து, கறுப்பாகக் கெட்டியாக இருந்த சாஸைக் கவிழ்த்தான். புளிப்பும் காரமும் புகைவாசனையுமாக இருந்ததால் எனக்கும் முதலில் தெரியவில்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். வெல்லப்பாகு!

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு மேஜைக்கரண்டி சாஸில் சர்க்கரை 16 கிராம் என்று போட்டிருந்தது. அவன் ஊற்றுகிற அளவைக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லி அளந்தேன். ஆறு மேஜைக்கரண்டி. அப்படியானால் 48 கிராம். ஒரு தேக்கரண்டி சர்க்கரை 4 கிராம் என்பது கணக்கு. நான் ஒன்றும் பேசாமல் ஒரு டம்ளரில் பன்னிரண்டு தேக்கரண்டி சர்க்கரையைப் போட்டு அவன் முன்னால் வைத்தேன். "இதையா நான் தின்னேன்?" என்றான். சேர்த்த சர்க்கரை ஒரு நாள் முழுவதற்கும் ஆண்களுக்கு 36 கிராம், பெண்களுக்கு 25 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் கணக்கு. அவனுக்கு ஒருவேளை சாஸிலேயே அது தாண்டிவிட்டது.

மறுநாள் தம்பி மனைவியும் நானும் கடைக்குக் கிளம்பினோம். விசேஷக் கடை எதுவும் இல்லை. சிங்கம் படம் போட்ட 'ஃபுட் லயன்' என்ற சாதாரண மளிகைக் கடை. அந்த மாநிலத்திலேயே 1957-ல் பிறந்த கடை அது. சாஸுக்கென்றே ஒரு நீண்ட அலமாரி. ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் பின்பக்கம் படித்தோம்.

அங்கே உணவுச் சீட்டில் மொத்த சர்க்கரை எவ்வளவு, அதில் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். 2016-ல் விதி வந்து, 2020 முதல் பெரிய கம்பெனிகளுக்குக் கட்டாயமாயிற்று. சேர்மானப் பட்டியலில் எது எடை அதிகமோ அது முதலில் வரும். கண்ணுக்கு நேரே இருந்த தட்டில் பல பாட்டில்களில் முதல் பெயரே ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப், அதாவது சோளப்பாகு. பின்னாலேயே மொலாசஸ், பிரவுன் ஷுகர், தேன். பெயர் வேறானாலும் எல்லாம் சர்க்கரைதான். இந்தக் கெட்டியான இனிப்பு சாஸ் கான்ஸாஸ் சிட்டி பாணியாம். அதைக் கடைகள்தோறும் பரப்பியவர்களில் ஒருவர் ரிச் டேவிஸ் என்ற குழந்தை மனநல மருத்துவர் என்று தெரிந்தபோது சிரிப்பு வந்துவிட்டது!

'சுகர் ஃப்ரீ' பாட்டில்களும் இருந்தன. சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டி. அவசரத்துக்கு உதவும். ஆனால் நாக்கு இனிப்பை மறக்க வேண்டுமே!

அப்போது பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மா எங்கள் தவிப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கீழே கையைக் காட்டினார். "எங்கள் பக்கத்தில் இதுதான் சாஸ். மற்றதெல்லாம் வெளியூர்ச் சரக்கு" என்றார். குனிந்து எடுத்தேன். தண்ணீர் போல மெல்லிய சாஸ். கோல்ட்ஸ்பரோ என்ற ஊரில் ஆடம் ஸ்காட் என்ற போதகர் 1917-ல் தொடங்கியதாம். செய்முறை அவர் கனவில் வந்தது என்று கதை சொல்கிறார்கள். காடி, தண்ணீர், உப்பு, மிளகாய், மசாலா, அவ்வளவுதான். சர்க்கரை இல்லவே இல்லை. வட கரோலினாவின் கிழக்குப் பகுதிக்கே இதுதான் பாணி. மேற்கே போனால் தக்காளியும் கொஞ்சம் இனிப்பும் சேர்ப்பார்கள். எது உசத்தி என்று இரு பக்கத்தாருக்கும் ஓயாத வழக்கு!

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, இத்தனை வருஷம் நான் முன்பக்கத்தில் விலையை மட்டும்தான் படிச்சேன்."

"அப்பாவுக்கு டப்பா வாங்கறப்போ நானும் விலையைத்தான்மா படிச்சேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் நாள் நான் கேட்டதற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.

அன்று மாலையே சுட்டுப் பார்த்தோம். இனிப்பு சாஸ் நெருப்பில் சீக்கிரம் கருகிவிடும், கடைசியில்தான் தடவ வேண்டும். இதை ஆரம்பத்திலிருந்தே தெளிக்கலாம். ருசி ரசத்துக்கும் ஊறுகாய்த் தண்ணீருக்கும் நடுவில். தம்பி முதலில் முகத்தைச் சுளித்தான். இரண்டாவது துண்டில் பேச்சைக் காணோம். "அத்தை, எனக்குப் பழைய சாஸ்தான்" என்று அழுத பையனுக்கு ஒரு தேக்கரண்டி மட்டும் என்று முடிவாயிற்று.

சாஸை மாற்றியதால் வியாதி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மருந்தும் நடையும் டாக்டர் சொன்னபடி நடக்கின்றன. ஆனால் எதையெடுத்தாலும் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அந்த வீட்டில் வந்துவிட்டது.

வீட்டிலேயே செய்ய விரும்பும் சகோதரிகளுக்கு: ஒரு கப் ஆப்பிள் காடியில் ஒரு தேக்கரண்டி கொரகொரப்பான மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு நாள் ஊற விடுங்கள். கோழிக்கு மட்டுமல்ல, சுட்ட கத்தரிக்காய்க்கும் பொருந்தும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப் புண் இருந்தால் வேண்டாம்.

நம் ஊர்த் தக்காளி சாஸ் பாட்டிலிலும் பின்பக்கம் சர்க்கரை அளவு போட்டிருக்கிறது. எழுத்து பொடிதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாவது படித்துவிடுங்கள். அப்பாவுக்கு நான் செய்யத் தவறியது அதுதான்.