நூலகத்தின் சாளரங்கள்

2020 மார்ச் 25 அன்று நாடு அடங்கியபோது நூலகங்களும் மூடப்பட்டன. அதைப் பற்றி அன்று எவரும் அதிகம் பேசவில்லை. மதுக்கடைகள் மே மாதமே திறந்தன. பொது நூலகங்கள் செப்டம்பர் 1 வரை காத்திருந்தன. கல்லூரி நூலகங்களின் கதை இன்னும் நீண்டது. டிசம்பர் 7 அன்று இறுதியாண்டு மாணவர்களுக்கும், 2021 பிப்ரவரியில் மற்றவர்களுக்கும் கல்லூரிகள் திறந்தன. மார்ச்சில் மீண்டும் மூடப்பட்டு, செப்டம்பரில்தான் மறுபடி திறந்தன.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, நூலகம் எதற்கு என்று அந்நாட்களில் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். இந்தியத் தேசிய மின்னூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பெரும் கொடைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எங்கள் வட்டாரத்தில், அதாவது பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடைப்பட்ட நிலத்தில், கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் யார்? சிப்காட் ஆலைகளில் ஷிப்டு பார்ப்பவர்கள், வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை செய்பவர்கள், பழவேற்காட்டு மீனவர்கள் ஆகியோரின் மக்கள். வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அதுவும் அப்பாவுடன் வேலைக்குப் போய்விடும். மார்ச்சில் நின்ற புறநகர் ரயிலில் பொதுமக்கள் எல்லோரும் ஏறுவதற்கு, அதுவும் நேரக் கட்டுப்பாட்டுடன், டிசம்பர் இறுதி ஆயிற்று.

கல்லூரிகள் திறந்த பின் இப்பகுதியின் ஒரு கல்லூரி நூலகத்திற்குச் சென்றிருந்தேன். வாசலில் குறுக்காக ஒரு மேசை. மாணவர்கள் உள்ளே செல்ல அனுமதியில்லை. நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்து வருவார். திரும்பி வந்த நூல்கள் ஓர் அறையில் நாள்கணக்கில் தனிமைப்படுத்தப்பட்டிருந்தன. எனக்கு முன் நின்ற பெண் வெற்றுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “சார், கெமிஸ்ட்ரில ஈஸியா புரியுற மாதிரி புக் ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டாள். “பேர் எழுதிக் குடும்மா” என்றார் அவர். கனிவாகத்தான் சொன்னார். அவளுக்கோ பெயர் தெரியாது. சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டது அவருடைய பெரும்பணிகளில் ஒன்று. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. நூலின் பெயர் தெரிந்தவனுக்குச் சீட்டே போதும். பெயர் தெரியாதவனுக்கு அலமாரி வேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர் எதைக் கேட்பது என்பதையே அலமாரியின் முன் நின்றுதான் கற்றுக்கொள்கிறார்.

நூல்கள் மீதான இந்த அச்சம் புதியதன்று. 1895இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ஒரு நூலகர் காசநோயால் இறந்தபோது, நூல்கள்தாம் நோயைச் சுமக்கின்றன என்ற பீதி பரவியது. இங்கிலாந்தில் 1907ஆம் ஆண்டுச் சட்டம், தொற்றுநோய் உள்ளவர் பொது நூலகத்தில் நூல் இரவல் பெறுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. 2020இலும் அமெரிக்க நூலக அமைப்புகள் சேர்ந்து ஆய்வு நடத்தின. முதல் சோதனையில் மூன்று நாட்களுக்குப் பின் நூல்களில் கிருமி தென்படவில்லை. அடுக்கி வைத்த நூல்களில் ஆறு நாட்களுக்குப் பின்னும் தென்பட்டது. நூலகங்கள் தனிமை நாட்களைக் கூட்டின. ஆனால் கிருமியின் தடயம் இருப்பது வேறு, அதனால் ஒருவருக்கு நோய் வருவது வேறு. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், பரப்புகளைத் தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது. அதே மாத இறுதியில் உலக சுகாதார நிறுவனம், காற்றோட்டமில்லாத, நெரிசலான அறைகளில் நோய் காற்றின் வழியாகப் பரவுவதைத் தெளிவாக ஒப்புக்கொண்டது.

ஆக, ஆபத்து காகிதத்தில் இல்லை, மூச்சில் இருந்தது. இதை எண்ணும்போது நம் பழைய நூலகக் கட்டடங்களின் மீது எனக்குப் புதிய மரியாதை வருகிறது. உயர்ந்த கூரை, எதிரெதிரே சாளரங்கள், ஓயாமல் சுழலும் மின்விசிறி. குளிரூட்டப்பட்டு அடைத்துக் கிடக்கும் நவீன வாசிப்பறைக்கு இல்லாத பாதுகாப்பு இவற்றுக்கு இயல்பாகவே இருந்தது. வாசலில் மேசையைப் போட்டபோது பல இடங்களில் சாளரங்களைப் பற்றி நினைப்பார் இல்லை.

எச்சரிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021ஆம் ஆண்டின் கோடையில் ஆக்சிஜனுக்காக அலைந்தவர்களைக் கண்ட எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நூலக ஊழியரும் நாள் முழுதும் அந்த அறைக்குள் மூச்சு விடுகிறவர்தாம். அவருடைய அச்சம் நியாயமானது. முகக்கவசம், இடைவெளிவிட்ட இருக்கைகள், ஒரு நேரத்தில் இத்தனை பேர் என்ற வரையறை, திறந்த சாளரங்கள் ஆகியவை அவரையும் காக்கும், மாணவரையும் காக்கும். அலமாரியை மூடுவது இருவரையும் காக்கவில்லை.

இன்னொரு பெருந்தொற்று வரலாம். அன்று நூலகத்தைத் திறப்பதா மூடுவதா என்ற கேள்வி எழும்போது, வெற்றுச் சீட்டுடன் நிற்பவரை முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நூலின் பெயர் தெரிந்தவர் எப்படியும் அதை அடைந்துவிடுவார்.