நீல டிரம்மில் கிடந்த மண்ணுளி

வேலியோரம் பார்க்கிற பாம்புகளைப் பற்றி முன்னால எழுதினப்போ, மண்ணுளிப் பாம்பைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லைன்னு சிலர் கேட்டிருந்தீங்க. காரணம் இருந்துச்சு. அதுல என்னுடைய அவமானமும் கலந்திருக்கு. வீட்டுக்காரிக்கு எல்லாம் தெரிஞ்சு போன பிறகு இனி மறைக்க ஒண்ணுமில்ல, எழுதிடறேன்.

எங்க பக்கம் மானாவாரி பூமி. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமா கொரங்காடு, சுத்தி முள்கிளுவை வேலி. அந்தச் செம்மண் பொழிதான் மண்ணுளிக்கு வீடு. பகல்ல மண்ணுக்குள்ள கிடக்கும், ராத்திரியில வெளிய வந்து எலி பிடிக்கும். விஷம் கிடையாது. வால் மழுங்கலா, தலை மாதிரியே இருக்கும். யாராவது சீண்டினா தலையை உடம்புக்கு அடியில ஒளிச்சுக்கிட்டு வாலைத் தூக்கிக் காட்டும். அடி விழுந்தா வால்ல விழட்டும்னுதான். அதைப் பார்த்துட்டு நம்மாளுங்க 'இருதலைப் பாம்பு'ன்னு பேர் வச்சாங்க. பேர் வச்சதோட விட்டிருந்தா அதுக்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காது.

'ரெண்டு கிலோ எடைக்கு மேல இருந்தா கோடிக்குப் போகும், வெளிநாட்டுல மருந்துக்கு வாங்கறாங்க' அப்படிங்கிற கதையை நீங்களும் கேட்டிருப்பீங்க. போன ஆடி மாசம் என் மாப்ளை, அதாவது வீட்டுக்காரியோட தம்பி, ஒரு புரோக்கரைக் கூட்டிக்கிட்டு வந்தான். "மாமா, நாப்பதாயிரம் போட்டா பாம்பு நம்ம கைக்கு வந்துரும். கொழுக்க வச்சுட்டா பார்ட்டியை அவரே கூட்டிட்டு வர்றாராம்" என்றான். அந்த வாரம்தான் ஒரு கிடாரியை வித்த காசு கையில இருந்துச்சு. அதுல இருபதாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரிகிட்ட, கிடாரி விலை குறைச்சலாத்தான் போச்சுன்னு சொன்னேன். விவசாயத்துல நஷ்டம் பட்டவனுக்கு இந்த மாதிரிக் கதை காதுல விழுந்தா புத்தி எங்க போகும்னு தெரியாதுங்க. சமாதானம் சொல்லலை, நடந்ததைச் சொல்றேன்.

பாம்பு வந்துச்சு. சின்ன வெங்காயம் நிறுக்கிற தராசுல வச்சுப் பார்த்தோம். ஒரு கிலோ நூறு கிராம். மாப்ளை தோட்டத்து மோட்டார் ரூம்ல ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்முக்குள்ள போட்டு, மூடியில ஆணியால நாலு ஓட்டை போட்டு வச்சோம். முட்டை உடைச்சு வச்சோம், பால் வச்சோம், கோழிக் குடல் போட்டோம். எதையும் தொடலை. ஒரு மாசத்துல புரோக்கர் போன் சுவிட்ச் ஆஃப். அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகலை. மாப்ளை பார்த்துக்குவான்னு நான் நினைச்சேன். காசு போன கோபத்துல அவன் மூடியைத் திறக்கிறதையே விட்டுட்டான்.

மார்கழியில மோட்டார் காயில் போய், அதைக் கழட்ட மோட்டார் ரூமுக்குப் போனப்போதான் டிரம் கண்ணுல பட்டுச்சு. செத்துக் காய்ஞ்சிருக்கும்னு நினைச்சுத்தான் திறந்தேன். உள்ள ஒரு பிடி மண்ணுகூட இல்லை. பழைய தோல் உரியாம, வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்கா ஒட்டிக்கிட்டு கிடந்துச்சு. ரெண்டு கண்ணும் வெள்ளை பூத்திருந்துச்சு. மண்ணைத் தேடி பிளாஸ்டிக்கையே முட்டி முட்டி மூக்கு நுனி புண்ணா இருந்துச்சு. செத்துப் போச்சுன்னே தூக்கினேன். கையில மெதுவா ஒரு சுத்து சுத்துச்சு.

துணிப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசல்லயே வீட்டுக்காரி மறிச்சா. "ஏனுங்க, அது நக்கிப்போட்டா வெண்குஷ்டம் வந்துருமுங்க. கொண்டுபோய்க் காட்டுல விட்டுப்போட்டு வாங்க" என்றாள். எங்க அம்மாவும் சின்ன வயசுல இதையேதான் சொல்லும். பாம்பு நாக்கை நீட்டறது மோப்பம் பிடிக்கத்தான். குஷ்டம் கிருமியால வர்றது, தோல் வெளுக்கிறது உடம்புக்குள்ள நடக்கிற கோளாறு, ரெண்டுக்கும் பாம்புக்கும் சம்பந்தமில்லை. இதையெல்லாம் அவளுக்குச் சொல்லத் தெரிஞ்ச எனக்கு, பாம்பு எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்ல வாய் வரலை. "வேலியில கிடந்துச்சு"ன்னு சொல்லிட்டேன்.

மறுநாள் மாட்டுக்குச் சினை ஊசி போட வந்த டாக்டர்கிட்ட காட்டினேன். சின்ன வயசுக்காரர். தோலை ரெண்டு விரலால கிள்ளி விட்டார், மடிப்பு அப்படியே நின்னுச்சு. "தண்ணி வத்திப் போச்சுங்க. முதல்ல தண்ணி, அப்புறம்தான் தீனி" என்றார். செதிலுக்கு இடையில கறுப்புப் பொட்டு மாதிரி உண்ணி. வாய் ஓரத்துல சீழ். மருந்துக் கணக்குப் போட எடை வேணும்னார். அதே வெங்காயத் தராசைத்தான் எடுத்து வந்தேன். எழுநூற்று இருபது கிராம்.

ஊசி போட்டுட்டு, "இதை வச்சிருக்கிறது குற்றம், தெரியுமில்லைங்க?" என்று கேட்டார். தெரியும். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிக்கிறது, வளர்க்கிறது, விக்கிறது எல்லாமே குற்றம். ஆசைக்கு வளர்க்கிறேன்னு சொன்னாலும் தப்புதான். "நீங்களே வனத்துறைக்குச் சொல்லிருங்க, இல்லைன்னா நான் சொல்ல வேண்டி வரும்" என்றார். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ராவோட ராவா கொரங்காட்டுல விட்டுட்டா கதை முடிஞ்சுதுன்னு ஒரு புத்தி சொல்லுச்சு. இந்த நிலைமையில விட்டா விடிஞ்சதும் கீரி தின்னுடும். காலையில போன் பண்ணிட்டேன்.

வனவர் வந்து திண்ணையில உட்கார்ந்து, "உண்மையைச் சொல்லுங்க, எங்கிருந்து வந்துச்சு?" என்றார். வீட்டுக்காரி மோர் சொம்போட நிலைப்படியில நின்னுக்கிட்டிருந்தா. ஆடி மாசத்துல இருந்து எல்லாத்தையும் சொன்னேன், கிடாரிக் காசு உட்பட. அவர் எழுதி வாங்கிக்கிட்டார், மாப்ளையையும் கூப்பிட்டு எழுதி வாங்கினார், புரோக்கர் நம்பரையும் குறிச்சுக்கிட்டார். பாம்பைத் தூக்கிப் பார்த்துட்டு, இப்போதைக்கு அலைக்கழிக்க வேண்டாம், டாக்டர் மேற்பார்வையில இங்கேயே தேறட்டும், விடற அன்னிக்கு நாங்க வர்றோம் என்றார். மோர் சொம்பு திண்ணையில வந்து உட்கார்ந்துச்சு, வீட்டுக்காரி உள்ள போயிட்டா. நாலு நாள் என்கூடப் பேசலை.

(இதைப் படிச்சுட்டு நீங்களா பாம்பைத் தூக்கி வச்சு வைத்தியம் பார்க்காதீங்க. எனக்குப் பக்கத்துல டாக்டர் இருந்தார், வனத்துறைக்குத் தெரிஞ்சு செஞ்சது.)

வைத்தியம்னு பெருசா ஒண்ணும் இல்லை. காலையிலயும் சாயங்காலமும் அகலமான பேசின்ல வெதுவெதுன்னு தண்ணி, பாம்போட பாதி உடம்பு நனையிற அளவுதான், இருபது நிமிஷம். முதல் நாள் தலையைத் தாழ்த்தி தண்ணி குடிச்சுச்சு பாருங்க, நிறுத்தவே இல்லை. தொண்டை ஏறி இறங்கிறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஈரச் சாக்குக்குள்ள ஊர விடணும். சாக்கு உரசி உரசித் தோல் தானா கழண்டு வரும். கையால பிய்க்கக் கூடாது, அதுவும் கண்ணு மேல இருக்கிறதை தொடவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணு மேலயும் ஒரு செதில்தான், அதுவும் சட்டையோட சேர்ந்துதான் உரியும். உண்ணி தண்ணியில மிதந்து வந்ததைத் தினமும் எடுத்துக் கொட்டுவேன். வாய்ப் புண்ணுக்கு மருந்துத் தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைக்கணும். ஊசி டாக்டர் வந்து போட்டார், உடம்போட முன் பாதியிலதான் போடணுமாம்.

தங்க ஒரு பழைய சிமென்ட் தொட்டி. வேலியோரத்துச் செம்மண்ணைச் சலிச்சு ஒரு முழம் போட்டேன், ஒரு பக்கம் காய்ஞ்சது, ஒரு பக்கம் லேசா ஈரம். உள்ள விட்டதும் புண் மூக்கோடயே தலையை மண்ணுக்குள்ள நுழைச்சுச்சு. ஒரு நிமிஷத்துல ஆளைக் காணோம். அஞ்சு மாசமா அதுக்கு வேணும்னு இருந்தது இந்த மண்ணுதான். எங்க காட்டுல இல்லாத பொருளா அது!

தீனிதான் பாடு. ஊர்ல பாதிப் பேர் எலிக்கு மருந்து வைக்கிறாங்க, செத்த எலியை எடுத்துப் போட முடியாது. சோளக் குதிர்கிட்ட பொறி வச்சு சுண்டெலியாப் பிடிச்சேன். மூணு தடவை போட்டும் தொடலை. நடுவுல கன்னுக்குட்டி ஒண்ணுக்குக் கழிச்சல், காங்கேயத்துக்கும் வீட்டுக்குமா ரெண்டு நாள் அலைச்சல், தொட்டியை மறந்தே போனேன். ராத்திரி பதறிப் போய் டார்ச் அடிச்சுப் பார்த்தா பேசின்ல புதுத் தண்ணி, ஈரப் பக்கம் நனைஞ்சே இருக்கு. வீட்டுக்காரியைக் கேட்டேன். "வாயில்லா சீவன், அது என்ன பண்ணுச்சு? பண்ணினது நீங்களும் என் தம்பியும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

தை கடைசியில ஒரு ராத்திரி, நாலாவது எலி. மண்ணு லேசா அசைஞ்சுது, பக்கவாட்டுல ஒரே வெட்டு, ரெண்டு சுத்து. விழுங்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆச்சு. உள்ள ஓடிப்போய் அவளை எழுப்பினேன். "தின்னுச்சா?" என்று கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அடுத்த பத்து நாள்ல சட்டையை முழுசா உரிச்சுச்சு. முழுசுன்னா, கண்ணு ரெண்டும் சேர்ந்து. எடுத்துப் பார்த்தவ அவதான். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ரெண்டு பொட்டு மாதிரி தெரிஞ்ச கண் தோலை எனக்குக் காட்டினா.

சித்திரையில ஒரு கோடை மழை பேஞ்சு மண்ணு இளகின மறுநாள் வனவர் வந்தார். கடைசியா ஒரு தடவை நிறுத்தோம், தொள்ளாயிரத்துப் பத்து கிராம். எங்க பிடிச்சதுன்னு தெரியாததால, ஆள் நடமாட்டம் குறைஞ்ச ஒரு கரட்டோரத்தை அவரே பார்த்து வச்சிருந்தார். மாப்ளையும் வந்தான், வண்டிகிட்டயே நின்னுக்கிட்டான். பையைத் திறந்ததும் நாக்கை நாலு தடவை நீட்டிப் பார்த்துச்சு. அவசரமே படலை. ஒரு கத்தாழைத் தூர்ல தலையை விட்டுச்சு, கொஞ்சம் கொஞ்சமா உடம்பு உள்ள போச்சு, கடைசியா அந்த மழுங்கல் வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளிய தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் இல்லை.

திரும்பி வர்றப்போ மாப்ளை, "மாமா, அந்த டிரம்மைத் தவுடு போட்டு வைக்க எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். எடுத்துக்கோன்னு சொன்னேன். கிடாரிக் காசு இருபதாயிரத்துல ஏழாயிரம் இதுவரைக்கும் வீட்டுக்காரி கையில கொடுத்திருக்கேன். மீதி வெங்காயம் வித்ததும்.